ஆர்கெஸ்ட்ரா ஃபேன்ஃபேரைத் தேவாலய ஆர்கனுக்கு மாற்றி எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஃபேன்ஃபேர் என்பது பித்தளை வாத்தியங்கள் முன்னின்று முழங்கும் சின்ன விழா இசை. அது பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், மிஞ்சினால் இரண்டு நிமிடம். ட்ரம்பெட்டுகள் அழைக்கும், ஹார்ன்கள் பதில் சொல்லும், கடைசியில் எல்லாரும் சேர்ந்து முழங்கி நிறுத்துவார்கள். இவ்வளவு சின்ன இசையை ஆர்கனுக்கு மாற்ற ஒரு மாலைப்பொழுது போதும் என்று தோன்றும். ஸ்கோரில் உள்ள சுரங்களை இரண்டு கைகளுக்கும் பாதங்களுக்கும் பங்கிட்டு, ட்ரம்பெட் ஸ்டாப்பை (ஒரு குழாய் வரிசையைத் திறக்கும் குமிழை) இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் தோன்றும். அப்படி எழுதிய பிரதியை வாசித்துப் பாருங்கள். சத்தம் இருக்கும், முழக்கம் இருக்காது.

காரணம் வாத்தியத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டி எழுப்புகிறார். அது கூர்மையாகத் தொடங்கி உடனே சற்றுத் தணிகிறது. அந்தக் கூர்மைதான் நம் காதுக்கு அழுத்தமாகப் படுகிறது. ஆர்கன் குழாய் அப்படியல்ல. கட்டையை அழுத்திய கணம் முதல் விடும் கணம் வரை ஒரே அளவில் ஒலிக்கும். எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒலி கூடாது. ஆகவே ஆர்கனில் ஒரு சுரம் அழுத்தமாகக் கேட்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் வேண்டும். ஃபேன்ஃபேரை மாற்றி எழுதுகிறவர் சுரங்களை எழுதுவதைவிட மௌனங்களை எழுதுவதில்தான் அதிகக் கவனம் வைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இது ஏதோ ஒரு வடிவில் திரும்ப வரும்.

படி 1: முதலில் ஆர்கனைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்கோரைத் திறப்பதற்கு முன், எந்த ஆர்கனில் இது ஒலிக்கப்போகிறதோ அதன் முன்னால் உட்காருங்கள். எத்தனை மேனுவல் (கைகளால் வாசிக்கும் கட்டை வரிசை), ஒவ்வொன்றிலும் எத்தனை கட்டைகள், பெடலில் (பாதங்களால் வாசிக்கும் வரிசையில்) எத்தனை? மேனுவல்கள் பொதுவாக நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சி-யில் தொடங்கும். 61 கட்டை இருந்தால் நடு சி-க்கு மூன்று ஸ்தாயி மேலே உள்ள சி வரை போகும். 56 இருந்தால் அதற்குக் கீழே உள்ள ஜி-யில் நின்றுவிடும். பெடலில் 30 கட்டை என்றால் நடு சி-க்கு மேலுள்ள எஃப் வரை, 32 என்றால் ஜி வரை.

அடுத்து ரீட் ஸ்டாப்புகள், அதாவது உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழாய்கள். கிரேட்டில் (முதன்மை மேனுவலில்) 8 அடி ட்ரம்பெட் உண்டா? (அடி என்பது குழாய் நீளக் கணக்கு, 8 அடி என்றால் எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும்.) ஸ்வெல் பெட்டிக்குள் (திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, அதற்கும் ஒரு மேனுவல் உண்டு) ஒரு ரீட் உண்டா? பெடலில் 16 அடி ட்ராம்போன் உண்டா? தனியாக நின்று முழங்கும் டியூபா மாதிரி ஸ்டாப் ஏதாவது உண்டா? ரீட் இருந்தால் மட்டும் போதாது, அது சுருதியில் நிற்கிறதா என்றும் கேளுங்கள். அறையின் வெப்பம் மாறும்போது ஃப்ளூ குழாய்களின் (புல்லாங்குழல் போல நாக்கின்றி ஒலிப்பவை) சுருதி நகரும், ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு நகராது. அதனால் காலையில் சேர்ந்து நின்ற இரண்டும் மதியம் உரசிக்கொள்ளும். ரீட் இல்லாமலும் வாசிக்க முடிகிற பிரதியை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது.

கப்ளர்களை (ஒரு மேனுவலை இன்னொன்றோடு கோக்கும் இணைப்புகள்) போட்டுக் கட்டையின் கனத்தைப் பாருங்கள். கட்டைகள் குழாய்களோடு இயந்திர முறையில் இணைந்த டிராக்கர் ஆர்கன்களில் கிரேட்டோடு ஸ்வெல்லைக் கோத்தால் கட்டை கனமாகும், வேகமான அடுக்குச் சுரங்கள் கைக்குப் பாரமாகும். எல்லா ஸ்டாப்பையும் இழுத்து ஒரு கார்டை நாலைந்து முறை வெட்டி வெட்டி அடித்தும் பாருங்கள். காற்று தள்ளாடினால் ஒலி நடுங்கும். அப்படி நடுங்குகிற ஆர்கனுக்குக் கனமான கார்டுகளை வரிசையாக எழுதக் கூடாது.

கடைசியாக, கையை ஒருமுறை பலமாகத் தட்டி, அந்த ஒலி அடங்கும் வரை நொடிகளை எண்ணுங்கள். ஒன்றரை நொடியில் அடங்கும் அறையும் நான்கு நொடி எதிரொலிக்கும் அறையும் இரண்டு வேறு பிரதிகளைக் கேட்கின்றன. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேகமும் மௌனத்தின் நீளமும் இதை வைத்துத்தான் முடிவாகும்.

படி 2: உரிமையைப் பாருங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தாண்டிப் போகக் கூடாது. ஒரு படைப்பை வழிபாட்டில் வாசிப்பதற்கான அனுமதி வேறு, அதை வேறொரு வாத்தியத்துக்கு மாற்றி எழுதுவதற்கான அனுமதி வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருப்பதாகக் கொள்ள வேண்டாம். இசையமைப்பாளர் இறந்து இந்தியாவில் 60 ஆண்டும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70 ஆண்டும் உரிமை நீடிக்கும். பழைய படைப்பாக இருந்தாலும், அண்மையில் ஒருவர் திருத்திப் பதிப்பித்த ஸ்கோரில் அவருடைய சேர்க்கைகளுக்குத் தனி உரிமை இருக்கக்கூடும். உரிமை நடப்பில் இருந்தால் பதிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். எத்தனை பிரதி, எந்த நிகழ்ச்சி, பதிவு செய்வீர்களா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: ஆர்கனுக்கு ஒத்துவரும் ஃபேன்ஃபேர் எது?

எல்லா ஃபேன்ஃபேரும் ஆர்கனில் நிற்காது. அழைப்புகளும் அகலமான கார்டுகளும் உள்ளவை நன்றாக வரும். பக்க முரசின் மேல் மட்டுமே நிற்பவை, ஒரே சுரத்தை மிக வேகமாகத் தட்டிக்கொண்டே போவது தவிர வேறெதுவும் இல்லாதவை வராது.

முதல்முறை முயல்கிறவர்களுக்கு நான் சொல்வது மான்டெவெர்டியின் 'ஓர்ஃபியோ' ஓபராவின் தொடக்கத்தில் வரும் டொக்காட்டா. 1607-இல் அரங்கேறிய படைப்பு. ஐந்து குரல்கள், சி-யை மையமாகக் கொண்ட எழுத்து. மிகக் கீழ்க்குரல் சி-யையும் அதற்கு மேற்குரல் ஜி-யையும் பிடித்துக்கொண்டே நிற்க, மேலே ட்ரம்பெட் குரல் ஓடுகிறது. பெடலில் ஒரு பாதம் சி-யிலும் ஒரு பாதம் ஜி-யிலும் நின்றுவிட்டால் இரண்டு கைகளும் முழுச் சுதந்திரத்தோடு கிடைக்கும். திரை எழும் முன் மூன்று முறை வாசிக்க வேண்டும் என்று ஸ்கோரிலேயே குறிப்பு இருக்கிறது. ஸ்டாப் தேர்வைப் பழக இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது, ஒவ்வொரு முறையும் வேறு நிறம் கொடுத்துப் பார்க்கலாம்.

கொஞ்சம் அனுபவம் வந்த பிறகு டுகாவின் 'லா பெரி' நடன இசைக்கு முன்னால் வரும் 1912-ஆம் ஆண்டு ஃபேன்ஃபேரை எடுக்கலாம். நான்கு ஹார்ன், மூன்று ட்ரம்பெட், மூன்று ட்ராம்போன், ஒரு டியூபா, முழுக்கப் பித்தளை வாத்தியங்கள். ஹார்மனி அடர்த்தியானது, எதை விடுவது என்ற கேள்வி ஒவ்வொரு பாரிலும் (தாளச் சுற்றிலும்) எழும். பித்தளை இசையை ஆர்கனுக்குக் கொண்டுவருவதற்கு முன்னோடிகளும் உண்டு. ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1909-இல் பித்தளை வாத்தியங்களுக்கு எழுதிய விழா ஊர்வல இசையை மாக்ஸ் ரேகர் ஆர்கனுக்கு மாற்றியிருக்கிறார். நல்ல ஆர்கன் எழுத்தாளர் ஒருவர் பித்தளைக் கூட்டத்தை மூன்று ஸ்டாஃபுக்குள் (ஐந்து கோட்டு வரிசைகளுக்குள்) எப்படி அடக்குகிறார் என்பதை மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பெரிய பாடம்.

இனி வரும் படிகளை விளக்க ஒரு ஃபேன்ஃபேரைக் கற்பனை செய்துகொள்வோம். 12 பார், 4/4, பி ஃபிளாட் மேஜர், நிமிடத்துக்கு 104 கிராட்செட் (ஒரு பீட் நீளச் சுரம்). முதல் நான்கு பாரில் மூன்று ட்ரம்பெட்டுகள் மட்டும், ட்ரிப்ளெட்டுகளோடு (ஒரு பீட்டில் மூன்று சம சுரங்கள்). அடுத்த நான்கில் ஹார்ன்களும் ட்ராம்போன்களும் பதில் சொல்கின்றன. கடைசி நான்கில் டியூபா, டிம்பனி, பக்க முரசு, சிம்பல், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்குகின்றன.

படி 4: எல்லாவற்றையும் ஒலிக்கும் சுருதிக்குக் கொண்டுவாருங்கள்

ஸ்கோரில் எழுதியிருப்பதும் காதில் விழுவதும் ஒன்றல்ல. பி ஃபிளாட் ட்ரம்பெட் எழுதியதைவிட ஒரு முழு டோன் கீழே ஒலிக்கும். சி ட்ரம்பெட் எழுதியபடியே. டி ட்ரம்பெட் ஒரு டோன் மேலே. எஃப் ஹார்ன் ஐந்தாம் சுர இடைவெளி கீழே ஒலிக்கும். நம் கற்பனை ஃபேன்ஃபேர் பி ஃபிளாட்டில் இருப்பதால் ட்ரம்பெட் பாகம் சி மேஜரிலும் ஹார்ன் பாகம் எஃப் மேஜரிலும் எழுதப்பட்டிருக்கும். டபுள் பாஸும் கான்ட்ரா பஸூனும் ஒரு ஸ்தாயி கீழே, பிக்கலோ ஒரு ஸ்தாயி மேலே. ட்ராம்போன் பாகம் டெனர் கிளெஃபிலோ ஆல்டோ கிளெஃபிலோ வரலாம். பழைய ஸ்கோர்களில் ஹார்னுக்கு பாஸ் கிளெஃப் வந்தால் கவனம் தேவை. அந்தப் பழைய வழக்கத்தில் எஃப் ஹார்ன் எழுதியதைவிட நான்காம் சுர இடைவெளி மேலே ஒலிக்கும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தின் கார்டைப் பாருங்கள், ஹார்மனியே எது சரி என்று சொல்லிவிடும்.

இதையெல்லாம் நான்கு ஸ்டாஃபில் சுருக்கி எழுதுங்கள்: ட்ரம்பெட் ஒன்றில், ஹார்ன் ஒன்றில், ட்ராம்போனும் டியூபாவும் ஒன்றில், மற்ற எல்லாம் ஒன்றில். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் இது நடந்துவிடும் என்றாலும் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்க்கச் சொல்வேன். எந்தக் குரல் எந்தக் குரலை இரட்டிக்கிறது என்பது எழுதும் கைக்குத்தான் சீக்கிரம் புலப்படும்.

படி 5: எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஆர்கெஸ்ட்ராவில் பாதிக்கு மேற்பட்ட சுரங்கள் இரட்டிப்புகள். முதல் ட்ரம்பெட்டின் மெட்டை வயலின் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கும், பிக்கலோ இன்னொரு ஸ்தாயி மேலே போகும். ஆர்கனில் 4 அடி ஸ்டாப் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கிறது, 2 அடி ஸ்டாப் இரண்டு ஸ்தாயி மேலே. ஒரே விரல் அழுத்தும்போது வயலினும் பிக்கலோவும் தாமாக வந்துவிடுகின்றன. அவற்றைக் கையாலும் வாசித்தால் இரட்டிப்புக்கு மேல் இரட்டிப்பாகி மேலே கீச்சொலிதான் மிஞ்சும்.

என் வழக்கம் இது. ஒவ்வொரு பாரிலும் நான்கு கேள்விகள்: அழைப்பு எந்தக் குரலில்? பாஸ் எது? கார்டின் குணத்தைச் சொல்லும் சுரம் எது? தாளத்தை ஓட்டுவது எது? இந்த நான்குக்கும் விடையான சுரங்களை வட்டமிட்டபின், வட்டத்துக்கு வெளியே நிற்பதை ஒவ்வொன்றாக நீக்கி வாசித்துப் பார்ப்பேன். காதுக்கு ஏதாவது குறைந்தால் மட்டும் திரும்பச் சேர்ப்பேன். நம் ஃபேன்ஃபேரின் 5 முதல் 8 வரையான பார்களில் நான்கு ஹார்னும் மூன்று ட்ராம்போனும் சேர்ந்து ஏழு குரல்கள். வட்டமிட்டால் நான்கு குரல்தான் தேறும். மேல் ஹார்ன், கார்டின் மூன்றாம் சுரம், நடுவில் ஒரு நிரப்பு, கீழ் ட்ராம்போன். மற்ற மூன்றும் இவற்றின் நிழல்கள்.

ஸ்ட்ரிங்ஸின் நடுக்க வாசிப்பை விரல் நடுக்கமாக மாற்றாதீர்கள். ஆர்கெஸ்ட்ராவில் அது நிறமாகக் கேட்கும், ஆர்கனில் தனித்தனிச் சுரங்களின் குழப்பமாகக் கேட்கும். அந்தக் கார்டைப் பிடித்து வைத்தாலே போதும். மேலேறும் வேகமான ஸ்கேல் ஓட்டங்களில் கடைசி நான்கைந்து சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டால் ஏறி வந்த உணர்வு கிடைத்துவிடும்.

படி 6: கைகளுக்கும் பாதங்களுக்கும் பங்கிடுங்கள்

பெடலில் தொடங்குங்கள். பெடலின் மிகக் கீழ்க் கட்டை நடு சி-க்கு இரண்டு ஸ்தாயி கீழே உள்ள சி. நம் டியூபாவோ அதற்கும் கீழே உள்ள பி ஃபிளாட்டைத் தொடுகிறது. கவலைப்பட வேண்டாம். 16 அடி ஸ்டாப் அழுத்திய கட்டைக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். டியூபா ஒலிக்கும் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே எழுதி 16 அடியில் வாசித்தால் அது சரியான இடத்தில் வந்து நிற்கும். கூடவே 8 அடி ஸ்டாப் ஒன்றும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாஸ் எந்தச் சுரம் என்பதே மங்கிவிடும். டியூபாவின் மெட்டு குதித்துக் குதித்து ஓடினால் அத்தனையையும் பாதங்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. பீட்டில் விழும் சுரங்களைப் பெடலுக்கும் நடுவில் உள்ளவற்றை இடது கைக்கும் கொடுக்கலாம்.

அடுத்து இடது கை. நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி-யைத் தாண்டி இறங்கும்போது மூன்றாம் சுர இடைவெளிகளைத் தவிருங்கள். ட்ராம்போன்கள் அங்கே நெருக்கமான கார்டு வாசித்தால் கம்பீரமாக இருக்கும். ஆர்கனில் ஒவ்வொரு குழாயும் மற்ற ஸ்டாப்புகளோடு சேர்ந்து ஒலிப்பதால் அதே கார்டு உறுமலாகிவிடும். அந்தப் பகுதியில் ஐந்தாம் சுரமும் எட்டாம் சுரமும் மட்டும் போதும். மூன்றாம் சுரத்தை நடு சி-யின் பக்கம் ஏற்றிவிடுங்கள்.

வலது கையில்தான் ஆசை நம்மை இழுக்கும். மூன்று ட்ரம்பெட் என்றால் மூன்று சுரத்தையும் பெரிய ரீட் ஸ்டாப்பில் வாசிக்கத் தோன்றும். தனி ரீட் ஸ்டாப் ஒற்றை மெட்டுக்கு எழுந்து நிற்கும்படி செய்யப்பட்டது. அதில் மூன்று சுரக் கார்டு வாசித்தால் காது களைத்துப்போகும், எந்தச் சுரம் மெட்டு என்பதும் தெரியாது. நம் ஃபேன்ஃபேரின் முதல் நான்கு பாரில் ஹார்ன்கள் ஓய்வில் இருப்பதால் இடது கை சும்மாதான் இருக்கிறது. முதல் ட்ரம்பெட்டை வலது கையில் ரீட் மேனுவலில் வையுங்கள். மற்ற இரண்டையும் இடது கையில் கிரேட்டின் பிரின்சிபல் ஸ்டாப்புகளில் (ஆர்கனின் அடிப்படை ஃப்ளூ ஸ்டாப்புகள்) வையுங்கள். அழைப்பு முன்னால் நிற்கும், துணைக்குரல்கள் ஒரு அடி பின்னால் நிற்கும்.

அழைப்பும் பதிலும் வரும் இடங்களில் மேனுவல் மாற்றத்துக்கு நேரம் வேண்டும். கையை எடுத்து இன்னொரு மேனுவலில் வைக்க ஒரு குவேவராவது (அரை பீட்) ஓய்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழைப்பின் கடைசிச் சுரத்தைச் சற்று முன்னதாக முடித்து எழுதுங்கள். கேட்பவருக்கு அது குறையாகப் படாது, அறையின் எதிரொலி அந்த இடத்தை நிரப்பிவிடும்.

படி 7: ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்

ஃபேன்ஃபேரின் உயிரே இதுதான். ட்ரம்பெட் கலைஞர் இரட்டை நாக்கு, மும்மை நாக்கு என்று தட்டி ஒரே சுரத்தைப் பொறி பறக்க வாசிப்பார். நிமிடத்துக்கு 104 கிராட்செட் வேகத்தில் ஒரு ட்ரிப்ளெட் குவேவருக்கு 0.19 நொடிதான் கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள் கட்டை கீழே போய் மேலே வர வேண்டும், குழாய் பேச வேண்டும், நடுவில் ஒரு மௌனமும் விழ வேண்டும். பெரிய ரீட் குழாய்கள் பேசத் தொடங்கவே சற்று நேரம் எடுத்துக்கொள்ளும்.

முதல் வழி, சுரத்தின் நீளத்தைப் பாதியாக்குவது. குவேவர் என்று இருப்பதை ஒரு செமிகுவேவரும் (கால் பீட்) ஒரு செமிகுவேவர் ஓய்வுமாக நினைத்து வாசிப்பது. எதிரொலி குறைந்த அறையில் மௌனம் இதைவிடச் சின்னதாக இருக்கலாம். நான்கு நொடி எதிரொலிக்கும் அறையில் பாதிக்கு மேலேயே மௌனம் வேண்டும். இதை ஸ்டக்காட்டோ புள்ளியாகக் குறிப்பதைவிட முக்கியமான ஓரிரு இடங்களில் ஓய்வுக் குறியாகவே எழுதிக் காட்டுங்கள். புள்ளியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வாசிப்பார்கள், ஓய்வுக் குறியை எண்ணித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, கார்டு முழுவதையும் திரும்ப அடிக்காமல் மேல் சுரத்தை மட்டும் திரும்ப அடித்து, கீழ்ச் சுரங்களைப் பிடித்து வைப்பது. ட்ரம்பெட்டுகள் மூன்றும் ட்ரிப்ளெட்டில் தட்டும் இடத்தில் இது மிக நன்றாக வேலை செய்யும். காற்றும் தள்ளாடாது. கீழே பிடித்திருக்கும் கார்டின் மேல் மெட்டு தெறித்துக்கொண்டு போகும்.

மூன்றாவது, இரண்டு கைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுப்பது. ஒரே நிறத்தில் இரண்டு மேனுவல்களை வைத்துக்கொண்டு, வலது, இடது, வலது என்று தட்டினால் எந்தக் கையும் அவசரப்பட வேண்டியதில்லை. பெடல் பாஸைப் பார்த்துக்கொள்கிற, நடுக்குரல் இல்லாத இடங்களில் மட்டுமே இது சாத்தியம். ஒற்றை மேனுவலில் என்றால் அதே கட்டையில் மூன்று, இரண்டு, ஒன்று என விரல்களை மாற்றுவதும் உதவும்.

இவை எதுவும் கைகொடுக்கவில்லையென்றால் தாளத்தையே எளிமையாக்குங்கள். நான்கு செமிகுவேவருக்குப் பதிலாக ஒரு குவேவரும் இரண்டு செமிகுவேவரும். தெளிவாகக் கேட்கும் மூன்று சுரம், குழம்பிக் கேட்கும் நான்கு சுரத்தைவிட அழைப்பின் ஆவிக்கு நெருக்கமானது. இதில் தயக்கமே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

வேகத்தையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். நீண்ட எதிரொலி உள்ள இடத்தில் 104 என்பதை 92 பக்கம் இறக்க வேண்டியிருக்கும். பிரதியில் ஒரே எண்ணைப் போடாமல் 92 முதல் 104 வரை என்று எல்லை கொடுங்கள்.

படி 8: அழுத்தம், ஏற்றம், இறக்கம்

அழுத்தக் குறி உள்ள சுரத்துக்கு முன்னால் வரும் சுரத்தைச் சுருக்குங்கள். அழுத்தம் பெறும் சுரத்தை மயிரிழை அளவு நீட்டுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒலியளவு மாறாமலேயே அழுத்தம் பிறந்துவிடும்.

பலமாகத் தொடங்கி உடனே மெலிதாகும் கார்டுகள் பித்தளை இசையில் நிறைய வரும். அதே கார்டை ஒரு கையில் ரீட் மேனுவலிலும் இன்னொரு கையில் ஸ்வெல்லிலும் ஒரே நேரத்தில் அடித்து, ரீட் கையை உடனே எடுத்துவிடுங்கள். ஸ்வெல்லில் அந்தக் கார்டு தொடர்ந்து நிற்கும். பிறகு பெட்டியை மெல்லத் திறந்தால் மூலத்தில் உள்ள ஏற்றமும் கிடைக்கும். பெட்டியின் பெடலை இயக்க வலது பாதம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அந்த இடத்தில் பெடல் பாகத்தை இடது பாதம் மட்டும் வாசிக்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

நீண்ட ஏற்றங்களுக்கு ஸ்டாப் சேர்ப்பது ஒரு வழி. ஸ்டாப்பைச் சொற்றொடரின் நடுவில் சேர்த்தால் படிக்கட்டு ஏறுவது போல ஒலி குதிக்கும். அதனால் மூச்சு விடும் இடங்களிலேயே சேருங்கள். இன்னொரு வழி பலர் கண்ணில் படுவதில்லை: சுரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. ஒற்றைச் சுரம், பிறகு இரண்டு, பிறகு மூன்று சுரக் கார்டு, பிறகு இடது கையும் சேர்ந்து ஆறு, கடைசியில் பெடல். ஒரு ஸ்டாப்பைக்கூடத் தொடாமல் ஒலி வளர்ந்துகொண்டே போகும். எட்டு ஸ்டாப் மட்டுமே உள்ள சின்ன ஆர்கனிலும் இது நடக்கும்.

படி 9: டிம்பனி, சிம்பல், பக்க முரசு

டிம்பனி பொதுவாக ஸ்கேலின் முதல் சுரத்திலும் ஐந்தாம் சுரத்திலும் இருக்கும். நம் ஃபேன்ஃபேரில் பி ஃபிளாட்டும் எஃபும். பெடலில் இரண்டு பாதங்களும் மாறி மாறி அவற்றை அடிக்கலாம், டியூபா அப்போது வேறு சுரத்தில் இல்லையென்றால். டியூபாவா டிம்பனியா என்ற போட்டி வந்தால் ஹார்மனியைச் சொல்லும் டியூபாவுக்கே முதலிடம்.

டிம்பனி உருட்டலுக்கு ஒரே சுரத்தைப் பிடித்து வைப்பதே பெரும்பாலும் போதும். இன்னும் உறுமல் வேண்டுமென்றால், 16 அடி மெல்லிய ஃப்ளூ ஸ்டாப்பில் மிகக் கீழே அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்துங்கள். சுருதிகள் மோதி முரசு அதிர்வு போல ஒலிக்கும். பழைய ஐரோப்பிய ஆர்கன்கள் சிலவற்றில் இதற்கென்றே சுருதி பிசகிய இரண்டு பெரிய குழாய்களை வைத்திருக்கிறார்கள். மேலே பலமான கார்டு நிற்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள், தனியாகக் கேட்டால் பழுது என்று நினைப்பார்கள்.

சிம்பலை விட்டுவிடுங்கள். அது விழும் பீட்டில் மிக்ஸ்சர் ஸ்டாப் (ஒரே கட்டைக்குப் பல உயர் சுருதிக் குழாய்கள் ஒலிப்பது) ஒன்று புதிதாக நுழையும்படி செய்தால் அந்தப் பளிச்சென்ற உணர்வு வந்துவிடும். பக்க முரசின் உருட்டலையும் விட்டுவிடலாம். அதன் தாளம் முக்கியமென்றால் இடது கைக் கார்டுகள் அந்தத் தாளத்தில் விழட்டும்.

படி 10: ஸ்டாப்புகள்

கடைசி நான்கு பாருக்காக எதையாவது மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே முழு ஆர்கனையும் திறந்தால் 9-ஆம் பாரில் கொடுக்க ஒன்றும் இருக்காது. நம் ஃபேன்ஃபேருக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும். முதல் நான்கு பாருக்குத் தனி ரீட் ஒன்று, துணைக்குக் கிரேட் பிரின்சிபல் 8, 4. பெடல் இல்லை. 5 முதல் 8 வரை ஸ்வெல் ரீட், பெட்டி பாதி மூடியிருக்கும், பெடலில் 16, 8 ஃப்ளூ. 9-இல் கிரேட்டுக்கு 2 அடியும் மிக்ஸ்சரும், ஸ்வெல்லைக் கிரேட்டோடு கோத்து, பெட்டி திறந்து. பெடலின் 16 அடி ரீட் 11-ஆம் பாரில்தான் நுழையும். கேட்பவர் எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அடியிலிருந்து அது எழும்.

மேனுவலில் 16 அடி ஸ்டாப்பைக் கார்டுகளுக்குப் போடாதீர்கள். மூன்றாம் சுரத்தை உள்ளே கொண்ட மிக்ஸ்சர்களும் கார்டுகளில் உரசும், மைனர் கார்டில் அது இன்னும் மோசம். ட்ரெமுலன்ட் (ஒலியை நடுங்கவைக்கும் கருவி) அணைந்திருக்க வேண்டும்.

ரீட் இல்லாத ஆர்கன் என்றால், கிரேட்டில் பிரின்சிபல் 8, 4, 2 அடியோடு மிக்ஸ்சர் சேர்த்து மெட்டுக்கு வையுங்கள். 2⅔ அடி ஸ்டாப் இருந்தால் அதையும் சேருங்கள், ஒரு பித்தளைக் கூர்மை வரும். துணைக்குரல்களை 8 அடி புல்லாங்குழல் ஸ்டாப்புகளுக்கு இறக்குங்கள். வித்தியாசம்தான் முழக்கத்தைத் தரும். மெட்டை இன்னும் பலமாக்குவதைவிட அதன் பின்னால் நிற்பதை மெலிதாக்குவது எளிது.

படி 11: எழுதி, வாசித்து, தூரத்திலிருந்து கேட்டு

மூன்று ஸ்டாஃபில் எழுதுங்கள். ஸ்டாப் பெயர்களைக் குறிப்பிடும்போது உங்கள் ஆர்கனின் தனிப்பெயர்களைவிட 'தனி ரீட் 8 அடி', 'பிரின்சிபல் 8, 4, 2 அடி' என்று பொதுவாகச் சொன்னால் வேறொரு ஆர்கனிலும் பயன்படும். பாதக் குறிகள் சிக்கலான இடங்களில் மட்டும் போதும். இரண்டே பக்கத்தில் முடியும் இசைக்குப் பக்கம் புரட்ட வேண்டிய நிலை வரக் கூடாது, எதிரெதிர்ப் பக்கங்களில் அமைத்துவிடுங்கள். வேகமான அடுக்குச் சுரங்கள் வரும் பாருக்கு மேலே எளிமையான மாற்று வரியையும் சின்ன எழுத்தில் கொடுங்கள்.

பிறகு வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் அறையின் கடைசி வரிசைக்குப் போங்கள். வாசிப்பவர் இடத்தில் கேட்பதும் அங்கே கேட்பதும் வேறு. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 34 மீட்டர் தூரத்தில் பத்தில் ஒரு நொடி தாமதம். நம் ட்ரிப்ளெட் குவேவரில் பாதி அது. மேடையில் பித்தளைக் கலைஞர்களோ பாடகர்களோ சேர்ந்து தொடங்க வேண்டியிருந்தால் இந்தத் தாமதத்தை முன்கூட்டியே ஒத்திகையில் சரிசெய்ய வேண்டும். பெரிய 16 அடி ஃப்ளூ குழாய்கள் மெதுவாகப் பேசுவதால் பாஸ் பின்தங்கிக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் பெடலில் கூடுதலாக ஒரு 8 அடி ஸ்டாப்பைச் சேருங்கள், தொடக்கம் தெளிவாகும்.

கடைசி வரிசையில் நின்று இரண்டு விஷயங்களை மட்டும் கேளுங்கள். ட்ரிப்ளெட்டுகளை எண்ண முடிகிறதா? அழைப்பு முடிந்து பதில் தொடங்கும் இடம் தெரிகிறதா? இரண்டுக்கும் இல்லையென்றால் மறுபடி 5-ஆம் படிக்கும் 7-ஆம் படிக்கும் போய் இன்னும் சில சுரங்களை நீக்குங்கள், மௌனங்களைக் கூட்டுங்கள். ஸ்டாப்பைக் கூட்டாதீர்கள்.

படி 12: கடைசிக் கார்டு

ஸ்கோரில் கடைசிக் கார்டின் மேல் நிறுத்தக் குறி இருக்கும். பித்தளைக் கலைஞருக்கு மூச்சு தீரும்போது அது முடியும். ஆர்கனுக்கு மூச்சு தீராது என்பதால் நீளத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆறு பீட், எட்டு பீட் என்று எண்ணிக் குறியுங்கள். அந்தக் கார்டில் மூன்றாம் சுரம் ஒரே ஒரு இடத்தில் இருந்தால் போதும், முதல் சுரமும் ஐந்தாம் சுரமும் மற்ற இடங்களைப் பிடிக்கட்டும். அதற்கு முன்னால் உள்ள கார்டை ஒரு குவேவர் முன்னதாகவே விட்டுவிடுங்கள், அறை ஒருமுறை எதிரொலிக்கட்டும், பிறகு கடைசிக் கார்டு விழட்டும். விடும்போது இரண்டு கைகளும் இரண்டு பாதங்களும் ஒரே கணத்தில் எழ வேண்டும். பெடல் பின்தங்கினால் எதிரொலியில் பாஸ் மட்டும் தனியாக மிஞ்சும். விடும் கணத்தையும் ஒரு பீட்டின் மேல் வைத்து, அந்த இடத்தில் ஓய்வுக் குறியைப் பிரதியில் எழுதிவிடுங்கள்.